ஓர் ஆள் கூடுதல்

செம்புலத்தில் விடிந்ததும் பதிலாட்கள் டீக்கடைக்குக் கிளம்பிவிடும். செல்லையா கடை வாசலில் முப்பது நாற்பது பதிலாட்கள் ஆளுக்கொரு காலித் தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று பேசும். தம்ளரில் டீ இருக்காது. ஊற்றினாலும் குடிக்க வாய் இல்லை. ஆனால் கையில் தம்ளர் இல்லாமல் ஊர் நடப்பு பேச வரவில்லை என்று எல்லோரும் குறைப்பட்டுக்கொண்டதால், வெறும் தம்ளரை நீட்டும் வழக்கத்தைச் செல்லையா கொண்டுவந்தார். அவரும் கடையில் இல்லை. அடுப்பருகே நின்று தம்ளர் கொடுத்தது அவருடைய பதிலாள்தான்.

மனிதர்கள் அவரவர் வீட்டில், போர்வைக்குள், தலையில் உணர்வளையம் மாட்டிப் படுத்திருந்தார்கள். வளையத்தை மாட்டிவிட்டால் பதிலாளின் கண் அவர்கள் கண், அதன் காது அவர்கள் காது. இயந்திர உடம்பின் முகத்தட்டில் வீட்டிலிருப்பவரின் முகம் அசைந்து பேசும்.

"இந்தக் குளிருக்கு வர்ற காய்ச்சல் அலை போன தடவை மாதிரி இருக்காதாம். ரெட்டிப்பா இருக்குமாம்," என்றது ஒரு பதிலாள்.

"யாரு சொன்னா?"

"தமயந்தியம்மாதான். காலையில மூச்சறிக்கையில கேக்கலையா?"

"அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். நம்ம ஜனங்கதான் திருந்த மாட்டாங்க."

எல்லாப் பதிலாட்களும் தலையை ஆட்டின.

செம்புலம் என்பது செவ்வாய்க் கிரகத்தின் தென்பாதியில், ஒரு பள்ளத்தாக்கின் மேல் கண்ணாடிக் கூரை போட்டுக் கட்டிய ஊர். அங்கே குளிர்காலம் ஏறக்குறைய அரையாண்டு நீளும். வெப்பம் வீணாகாமல் இருக்க அந்தக் காலத்தில் காற்றைப் புதுப்பிக்கும் இயந்திரங்களைப் பாதி வேகத்தில்தான் ஓட்டுவார்கள். ஒருவர் விட்ட மூச்சு கூரைக்குக் கீழேயே சுற்றிச் சுற்றி வந்து இன்னொருவர் மூக்குக்குள் போகும். துருக்காய்ச்சல் அப்படித்தான் போன குளிரில் ஊரைச் சூறையாடியது. துருப்பிடித்தாற்போல் எச்சில் சிவக்கும். அதன் பிறகு நுரையீரல் சுருங்கும்.

தமயந்தி காற்றுக் காவல் அதிகாரி. தினமும் காலையில் ஊர் முழுக்கக் கேட்கும் மூச்சறிக்கை அவள் குரலில்தான் வரும். குளிர் முடியும்வரை ஒரு கூடத்தில் இரண்டு பேருக்கு மேல் மெய்யாக வரக்கூடாது, மற்றவர்கள் பதிலாளைத்தான் அனுப்ப வேண்டும் என்ற சட்டத்தை எழுதியவளும் அவளே.

போன குளிரில் அவள் கணவர் இறந்தபோது கட்டிலருகே அவளுடைய பதிலாள்தான் நின்றது. கடைசிவரை அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. பதிலாளின் விரல்களுக்கு அழுத்தம் தெரியும், சூடு தெரியாது. அந்தக் கை எப்போது குளிர்ந்தது என்பது தமயந்திக்கு இன்றுவரை தெரியாது.

இந்தக் குளிரில் மகள் அல்லிக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். தள்ளிப்போடலாம் என்று தமயந்தி சொல்லிப் பார்த்தாள். மாப்பிள்ளை இளம்பரிதி சிரித்துக்கொண்டே, "அத்தை, நாங்க ரெண்டே பேர்தான் மெய்யா இருக்கப்போறோம். சட்டம் எங்களுக்குன்னே எழுதின மாதிரி இருக்கு," என்றான். அவள் ஒப்புக்கொண்டாள்.

அண்ணன் மாரிச்சாமி அழைத்தார். போன அலையில் பிழைத்து எழுந்தவர். ஆனால் பாதி நுரையீரல் போய்விட்டது.

"தாயி, மாலை எடுத்துக் குடுக்கிறது தாய்மாமன் செய்யவேண்டியது. உள்ள வந்து, குடுத்துட்டு, வந்த வழியே போயிடுறேன்."

"அண்ணே, உனக்கு இருக்கிறதே அரை நுரையீரல்."

"அதத்தான் நானும் சொல்றேன். பாதி ஆளுதானே வாரேன்."

தமயந்தி சிரிக்கவில்லை. "ஊருக்கு ஒரு சட்டத்தப் போட்டுட்டு எங்க வீட்டு ஆள மட்டும் எப்படிண்ணே விடுவேன்? ஒருத்தர விட்டா எல்லாரும் வந்து நிப்பாங்க."

மறுமுனையில் அவர் மூச்சு வாங்கினார்.

"சரி தாயி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கல்யாணத்தன்று காலை தமயந்தி தன் பதிலாளுக்கு அரக்குப் பட்டு கட்டிவிட்டாள். கொசுவம் சரியாக நிற்கவில்லை. இயந்திரத்தின் இடுப்பில் பட்டு வழுக்கிக்கொண்டே இருந்தது. அப்போது கல்யாணம் நடக்கவிருந்த சமுதாயக் கூடத்திலிருந்து அல்லி அழைத்தாள்.

"அம்மா, நீ குங்குமம் வைக்கிறப்போ நான் கண்ண மூடிக்கிறேன். கை சில்லுன்னு இருந்தாலும் உன் கைதான்னு நெனச்சுக்கிறேன். சரியா?"

அழைப்பு முடிந்த பிறகு தமயந்தியின் மனதில் ஒரு கணக்கு தானாகவே ஓட ஆரம்பித்தது. சமுதாயக் கூடத்தின் நீள அகலம் அவளுக்கு மனப்பாடம். பாதி வேகத்தில் ஓடும் காற்று இயந்திரம் மூன்று பேரைத் தாராளமாகத் தாங்கும். அன்று காலைப் பரிசோதனையில் அவள் மூச்சு சுத்தமாக இருந்தது. ஓர் ஆள் கூடுதல், அவ்வளவுதான். கணக்கில் எங்கே தேடியும் பிழை இல்லை.

பதிலாளின் முகத்தட்டைக் கழற்றித் தன் முகத்தில் பொருத்திக்கொண்டாள். அதன் கையுறைகளை மாட்டினாள். பட்டை அவிழ்த்துத் தான் கட்டிக்கொண்டாள். கொசுவம் உடனே நின்றது.

கூடத்து வாசலில் இருந்த கருவி முகத்தட்டின் முத்திரையை மட்டும் படித்து உள்ளே விட்டது. அது போதும் என்று சட்டத்தில் எழுதியிருந்ததும் அவள்தான்.

கூடம் நிறைந்திருந்தது. முந்நூறு பதிலாட்களாவது இருக்கும். பட்டும் வேட்டியும் பூவுமாகப் பார்க்கவே அழகாக இருந்தது. தமயந்தி தன்னை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று முழங்காலை மடக்காமல் விறைத்து நடந்தாள். மற்றவையும் அப்படியே விறைத்து நடந்தன. உண்மையில் பதிலாட்கள் அவ்வளவு விறைப்பாக நடப்பதில்லை; மனிதர்களைப் போலவே நடக்கும்படிதான் அவற்றைச் செய்திருந்தார்கள். அந்த நேரத்தில் அது அவளுக்கு உறைக்கவில்லை.

கூடம் வெதுவெதுப்பாக இருந்தது. பதிலாட்களுக்குக் குளிர் தெரியாது என்பதால் வெப்பமூட்டியை நிறுத்தச் சொல்லியிருந்தாள். யாரோ மறந்துவிட்டார்கள் போலும். சுவரிலிருந்த கரியமில வாயு அளவியைப் பார்த்தாள். முள் மஞ்சளைத் தாண்டிச் சிவப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மற்ற நாளாக இருந்தால் அந்த முள்ளைப் பார்த்தவுடன் கூடத்தைக் காலி செய்யச் சொல்லியிருப்பாள். இன்று, 'அளவி கெட்டுப்போச்சு, நாளைக்கு ஆள் அனுப்பி மாத்தணும்' என்று நினைத்துக்கொண்டு மேடையைப் பார்த்துத் திரும்பிவிட்டாள்.

மாரிச்சாமியின் பதிலாள் இயல்பாக நடந்துவந்து மாலையை எடுத்துக் கொடுத்தது. அல்லி அதன் இரும்புக் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "மாமா!" என்றாள். முகத்தட்டில் மாரிச்சாமி கண்ணைத் துடைப்பது தெரிந்தது.

அடுத்து தமயந்தி போனாள். குங்குமச் சிமிழுக்குள் விரலை விடும் முன், யாரும் பார்க்காத ஒரு கணத்தில், வலக்கை உறையை உருவினாள். கண்ணை மூடிக் காத்திருந்த அல்லியின் நெற்றியில் அந்த விரல் பட்டதும் அவள் உடம்பு ஒருமுறை நடுங்கியது. கண்ணைத் திறக்காமலே, உதடு மட்டும் அசைய, "அம்மா," என்றாள். போன குளிரிலிருந்து நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று தமயந்திக்குக் கரைந்து இறங்கியது.

கெட்டிமேளம் ஒலிபெருக்கியில் முழங்கியது. இளம்பரிதி தாலி கட்டினான். மேளம் ஓய்ந்து, எல்லோரும் மூச்சை இழுத்துவிட்டாற்போல் ஓர் அமைதி வந்தது.

அந்த அமைதியில் யாரோ இருமினார்கள்.

பதிலாளுக்கு நுரையீரல் கிடையாது. வீட்டிலிருப்பவர் இருமினாலும், தும்மினாலும், ஏப்பம் விட்டாலும் அதன் குரல்வடிகட்டி வெளியே விடாது. மரியாதைக்காகத் தொடக்கத்திலேயே செய்திருந்த ஏற்பாடு அது. ஆக, இருமியது பதிலாள் இல்லை. கூடத்தில் எல்லோருக்கும் அது ஒரே சமயத்தில் விளங்கியது.

இருமியவருக்குப் பக்கத்திலிருந்த பதிலாள் சட்டென்று முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்தியது. அதற்கடுத்தது கைக்குட்டையை எடுத்தது. வேட்டி கட்டியவை துண்டை இழுத்து முகத்தை மூடின. ஒரு வரிசை பின்வாங்கியது; அதன் பின்னால் இருந்த வரிசையும் பின்வாங்கியது. கண் மூடித் திறப்பதற்குள் முந்நூறு பதிலாட்களும் இல்லாத மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன.

தமயந்தியின் முந்தானையும் அவள் மூக்கின் மேல்தான் இருந்தது.

இருமியவர் முகத்தட்டைத் தூக்கினார். மாப்பிள்ளையின் அப்பா சங்கரபாண்டி. முகம் வெளிறியிருந்தது.

"ஒரே பையன், சம்பந்தி," என்றார். "நான் ஒருத்தன்தானேன்னு வந்துட்டேன்."

மேடையோரத்தில் ஒரே ஒரு பதிலாள் மட்டும் கைகளைத் தொங்கவிட்டபடி, ஒன்றும் புரியாமல் நின்றது.

"என்ன தாயி, எல்லாரும் எதுக்கு மூக்கப் பொத்துறாங்க?" என்று மாரிச்சாமியின் குரல் கேட்டது. முகத்தட்டில் அவர் கண்கள் அவளுடைய முந்தானையில் வந்து நின்றன. குங்குமம் ஒட்டிய வெறும் விரலில் நின்றன. "தாயி… நீ வீட்லதானே இருக்கே?"

அவள் பதில் சொல்வதற்குள் கூடம் கலைந்துவிட்டது. விறைப்பான நடையெல்லாம் மறந்துபோய், எல்லா வாசல் வழியாகவும் ஓடினார்கள்.

மறுநாள் காலை மூச்சறிக்கையில், கல்யாணக் கூடத்தில் தொற்று ஏற்பட்டிருக்கலாம், காரணம் தெரியவில்லை என்று தமயந்தி படித்தாள். அந்த வாரம் முழுக்க அதையே படித்தாள். செல்லையா கடையில் பதிலாட்கள் காலித் தம்ளருடன் கொதித்தன.

"யாரோ ஒருத்தர் நேர்ல போயிருக்காங்க. அந்த ஒருத்தரால ஊருக்கே வந்துருச்சு."

"பொறுப்பு கெட்ட ஜென்மம். பிடிச்சு வெளிய தள்ளணும்."

கூடத்துக்குப் போனவர்கள் பரிசோதனைக்கு வந்தால் காய்ச்சலை அங்கேயே மடக்கிவிடலாம். ஒருவரும் வரவில்லை. எல்லோரும் வீட்டில்தான் இருந்ததாகச் சொன்னார்கள். அதற்குள் மருத்துவக் கூடத்தில் படுக்கைகள் நிரம்பிக்கொண்டிருந்தன. சங்கரபாண்டி மூச்சுக்குத் தவித்தபடி கிடந்தார். இளம்பரிதியின் பெரியம்மா இறந்துபோனார். எல்லோருடனும் கூடத்திலிருந்து ஓடியவர்களில் அவரும் ஒருவர்.

பெரியம்மா இறந்த அன்று மாலை மாரிச்சாமி அழைத்தார்.

"கல்யாணத்துக்கு நேர்ல போகாதவன் ஊர்ல நான் ஒருத்தன்தான்னு தெரியுது. அதுல எனக்குப் பெருமை ஒண்ணும் இல்ல தாயி. ஏமாந்துட்டேன்னுதான் இருக்கு. புள்ள என்னக் கட்டிப்பிடிச்சப்போ அவ கழுத்துச் சூடு எனக்குத் தெரியல. உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சுது அண்ணே," என்றாள் தமயந்தி. "நான் உன்ன வரவிடாம செஞ்சது தப்பில்ல. நான் போனதுதான் தப்பு."

"அத எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?"

மறுநாள் காலை அவள் அறிக்கையைக் கையில் எடுக்கவில்லை.

"கல்யாணத்துக்கு என் பதிலாள் வரல. நான்தான் வந்தேன்," என்றாள். "நான் ஒருத்திதானேன்னு நெனச்சேன். அங்க இருந்த எல்லாரும் அப்படித்தான் நெனச்சிருப்பீங்க. யாருக்கும் தண்டனை கிடையாது. நான் வேலைய விட்டுப் போயிடுறேன். நீங்க பரிசோதனைக்கு மட்டும் வந்துடுங்க. இன்னிக்கே வந்தா இந்த அலைய நிறுத்திடலாம்."

செம்புலம் அதிர்ந்துபோனது. அந்த ஒருத்தர் யாரென்று தெரிந்துவிட்டது! ஊருக்கு உபதேசம் செய்தவளே உள்ளே புகுந்திருக்கிறாள்! இவ்வளவு பெரிய அநியாயத்தைப் பதிலாளை அனுப்பியா கேட்பது? நேரில் போய் நின்றால்தானே மதிப்பு?

மதியத்துக்குள் காற்றுக் காவல் நிலையத்தின் முன்னால் ஊரே கூடிவிட்டது. ஒருவர் முகத்திலும் தட்டு இல்லை. நீண்ட நாட்களுக்குப் பிறகு ஒருவரையொருவர் நேரில் பார்த்த உற்சாகத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். செல்லையா ஒரு பெரிய கொப்பரையோடு வந்து சூடாக டீ ஊற்றிக் கொடுத்தார். தம்ளர்கள் கை மாறிக்கொண்டே இருந்தன. "சட்டத்தைக் கடுமையாக்கு!" என்று முழங்கினார்கள். "மெய்யாக வருபவர்களைச் சிறையில் போடு!" என்றார்கள். முழக்கத்துக்கு நடுவே ஆங்காங்கே இருமல் சத்தமும் கேட்டது.

தமயந்தி மாடி முகப்புக்கு வந்தாள். அவள் தலை தெரிந்ததும் கூச்சல் கூரையைத் தொட்டது. இரண்டு கைகளையும் அகல விரித்து, "தள்ளி நில்லுங்க! தயவுசெஞ்சு தள்ளித் தள்ளி நில்லுங்க!" என்று தொண்டை வலிக்கக் கத்தினாள்.

"கேக்கல!" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது.

"சத்தம் போடாதீங்கப்பா, ஏதோ சொல்றாங்க," என்று முன்வரிசைக்காரர் ஒருவர் திரும்பி அதட்டினார்.

அவள் மறுபடியும் கத்தினாள். என்ன சொல்கிறாள் என்று கேட்பதற்காக எல்லோரும் இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்தார்கள்.