அருந்ததி எழுதிய பகுதி

இசட் எழுத்துகளுக்கு நடுவே ஒரு சொல் கிடந்தது.

இராசலிங்கம் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுத் திரையை உற்றுப் பார்த்தான். வெளியே இரத்தோட்டை வீதியில் ஐப்பசி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்த கராம்பின் வாசம் பலகைத் தரையின் இடுக்குகள் வழியாக ஏறி, ஈரச் சுவரின் பூஞ்சை வாசத்தோடு கலந்து, விளக்கு வைக்கும் அந்த நேரத்தில் அறை முழுக்கக் கனத்து நின்றது.

பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதும் ஒரு பெரிய பிரவுசரின் அடித்தளத்தில்தான் அவனுக்கு வேலை. கொழும்புக் கம்பெனி ஒன்று சம்பளம் கொடுத்தது. மாத்தளையில் இருந்தபடியே செய்யலாம். ஒரு பக்கத்தைத் திறக்கும்போது பிரவுசர் கணினியின் நினைவகத்தில் இடம் பிடிக்கும். மூடியதும் அந்த இடத்தை விட்டுவிடும். விட்ட இடத்தைப் பிறகு ஏதாவது தொட்டால் முழு பிரவுசரும் செத்து விழும். அப்படித் தொடுவதைக் கண்டுபிடிக்கத்தான், விட்ட இடம் முழுவதையும் இசட் என்ற ஒரே எழுத்தால் நிரப்பும் பகுதி ஒன்று இருந்தது. நிரப்பிய பிறகு அங்கே வேறொன்றும் இருக்கக்கூடாது.

இருந்தது. ஆங்கில எழுத்தில் ஒரு தமிழ்ச் சொல்.

குளிருது.

எந்தப் பக்கத்திலோ யாரோ அடித்த அரட்டையின் மிச்சம் என்று எண்ணிக்கொண்டான். எல்லாவற்றையும் மூடினான். கணினியை நிறுத்தி, மறுபடி இயக்கி, வெற்றுப் பக்கம் ஒன்றை மட்டும் திறந்து மூடினான். இசட், இசட், இசட் என்று வரிசை வரிசையாக இறங்கிக்கொண்டே வந்தது. அவன் நிம்மதியாக மூச்சு விட்டதும் வரிசை நின்றது.

குளிருது அண்ணா.

இணைய வயரைப் பிடுங்கிப் போட்டான். அவனை அண்ணா என்று கூப்பிட்டவள் ஒருத்திதான். இசட் நிரப்பும் அந்தப் பகுதியை எழுதியவளும் அவள்தான்.

அருந்ததி வவுனியாவிலிருந்து வந்தவள். அதே கம்பெனி. அவள் தங்கியிருந்த வீட்டில் இணையம் இல்லாததால் தினமும் இங்கே வந்து, எதிரிலிருந்த சின்ன மேசையில் உட்கார்ந்து வேலை செய்வாள். அவள் எழுதுவதில் பாதி அவனுக்குப் புரியாது. கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுப்பாள். அந்தச் சிரிப்புத்தான் அவனுக்குப் பிடிக்காமல் போனது. பிறகு அந்தப் பகுதி முழுவதற்கும் பொறுப்பாக வெளிநாட்டுக்காரர்கள் அவளைத் தெரிவு செய்தார்கள்.

வடக்கிலிருந்து வந்தவர்களைச் சந்தேகித்துப் பிடித்துப் போன காலம். அந்த வாரம்தான் வாசலில் வேன் வந்து நின்றது. சிவில் உடையில் இறங்கியவர்கள் அவளுடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவள் வராந்தாவில் நின்ற அவனைக் காட்டினாள். இவரோடதான் வேலை செய்யிறேன், கேட்டுப் பாருங்க என்றாள். அவர்கள் சிங்களத்தில் கேட்டார்கள், இவளைத் தெரியுமா என்று. மாத்தளையிலேயே பிறந்து வளர்ந்தவன். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். அந்த நேரத்தில் அவனுக்குப் பயம் வரவில்லை. அவளுக்குக் கிடைத்த பொறுப்புத்தான் மனதில் வந்தது. அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே, தெரியாது என்றான். அவளை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அவள் அம்மா தவமணிதேவி வவுனியாவிலிருந்து பஸ் பிடித்து வந்து வந்து கேற்றடியில் நின்றாள். தான் கொழும்புக்குப் போய்விட்டதாகச் சொல்லும்படி வீட்டுக்கார ஜுனைதாவிடம் சொல்லி வைத்திருந்தான். முஸ்லிம்கள் மூத்த சகோதரியைத் தாத்தா என்பார்கள். அவனும் ஜுனைதாவை அப்படித்தான் கூப்பிடுவான். அருந்ததிக்குத் தினமும் பகல் சோறு கொடுத்தவள் அவள். கடைசித் தடவை அந்தத் தாயை அனுப்பிவிட்டு மேலே ஏறி வந்தாள்.

"இனி பொய் சொல்ல எனக்கு ஏலா தம்பி," என்றாள். "அந்த மனிசிட கண்ணப் பாக்க ஏலாம ஈக்கி."

அருந்ததியின் பொறுப்பு இப்போது அவனிடம் இருந்தது.

திரையை அணைக்கக் கை நீட்டினான். அதற்குள் சொல் மாறியிருந்தது. அவன் எதையும் இயக்கவில்லை.

வந்திட்டேன்.

எதிர் மேசையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. அந்த மேசையில் எதுவும் இல்லை. அவளுடைய மடிக்கணினியையும் அன்றே கொண்டு போய்விட்டார்கள். ஆனாலும் தட்டியது. வேகமாக, இடையில் நிறுத்தாமல், அவள் தட்டுவது போலவே. கராம்பு வாசம் மெல்ல விலகி, பாசி பிடித்த தண்ணீரின், நனைந்த சாக்கின், நெடுநாள் மூடிக் கிடந்த எதனுடையதோ நாற்றம் மூக்கில் ஏறியது.

"தம்பி," என்று கீழே இருந்து ஜுனைதா கூப்பிட்டாள். "மேல யாரு வந்தீக்கிற? பொம்புளப் புள்ளட சத்தம் கேக்குது."

"யாருமில்லங்க தாத்தா."

மின்சாரம் போனது.

வீதி விளக்கும் போனது. யூபிஎஸ் கீச்சென்று கத்தத் தொடங்கியது. திரை மட்டும் எரிந்தது. அதன் வெளிச்சத்தில் தரைப் பலகையில் ஈரக் கால் தடங்கள் தெரிந்தன. எதிர் மேசையிலிருந்து அவனுடைய நாற்காலிக்குப் பின்னால் வரை.

திரும்பிப் போன தடம் இல்லை.

கழுத்தில் தண்ணீர் சொட்டியது. நனைந்த தலைமயிர் அவன் தோளின் மேலாக வழிந்து மார்பில் விழுந்தது. எழும்பப் பார்த்தான். முடியவில்லை. குளிர்ந்த இரண்டு கைகள் அவன் கைகளின் மேல் படிந்தன. விரலுக்கு மேல் விரல். பிறகு, மேலே அல்ல. உள்ளே. கையுறைக்குள் நுழைவது போல.

"என்னைத் தெரியுமா அண்ணா?"

"தெரியும்," என்றான். "தெரியும் அருந்ததி. தெரியும்."

"அப்ப கேட்டாங்களே. அப்ப சொல்லியிருக்கலாம்."

அவன் விரல்கள் தட்டத் தொடங்கின. அவன் தட்டவில்லை. திரையில் இசட் எழுத்துகளைத் தள்ளிக்கொண்டு ஒரு சொல் வந்தது.

நகம்.

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வலது கைப் பெருவிரல் நகம், யாரோ குறடால் பிடித்தது போல, அடியோடு மெதுவாக நிமிர்ந்தது. அவன் அலறினான். விசைகளின் மேல் இரத்தம் ஓடியது. விரல்கள் நிற்கவில்லை. அவர்கள் அவளுக்குச் செய்ததை, செய்த ஒழுங்கிலேயே, அவள் எழுதிக்கொண்டிருந்தாள் என்பது அடுத்த சொல்லில் அவனுக்கு விளங்கியது.

படியில் காலடி கேட்டது. கதவு திறந்தது. ஜுனைதா மண்ணெண்ணெய் விளக்கை உயர்த்திப் பிடித்தபடி வாசலில் நின்றாள்.

"தாத்தா," என்றான். "தாத்தா, என்னைக் காப்பாத்துங்க."

அவள் அவனைப் பார்க்கவில்லை. அவனுடைய தோளுக்கு மேலே பார்த்தாள். விளக்கு ஆடியது. அவள் முகத்தில் பயம் வந்தது. வந்து, மெதுவாகப் போனது. நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒன்ட வேலய முடிச்சிட்டுப் போ மகள்," என்றாள்.

கதவைச் சாத்தினாள். வெளித் தாழ்ப்பாள் விழுந்தது. காலடி இறங்கிப் போனது.

யூபிஎஸ் நீளமாக ஒருமுறை கத்தி அடங்கியது. திரை அணைந்தது. இருட்டு. மழை. செத்த கணினியின் முன்னால் அவன் விரல்கள் இன்னும் தட்டிக்கொண்டிருந்தன. பார்க்க வேண்டியதில்லை. எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்பது அவன் விரல்களுக்கு மனப்பாடம்.

வலது கை நடுவிரல் அசையாமல் நின்ற இடத்திலேயே அழுத்தியது. கே.

இடது கைச் சின்னவிரல். ஏ.

அது என்ன சொல் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. கண்களை இறுக, இறுக மூடிக்கொண்டான்.

கன்னத்தோடு கன்னம் வைத்து அவள் மூச்சு விட்டாள். வலது கை ஆட்காட்டி விரல், மூன்றாவது எழுத்தைத் தேடி, அவசரமில்லாமல் கீழே இறங்கியது.