எட்டடி மண்

பூனை காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதன் பெயர் சாந்தினிக்கு ஞாபகம் வரவில்லை. ஆறு வயதுப் பிள்ளை, அவளே வைத்த பெயர்தான். வாசுகி விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை.

திகாம் பத்து என்ற ஊரில் அவர்கள் வீட்டுக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவே எட்டடி மண் இருந்தது. லோரி போகும்போதெல்லாம் சன்னல் கண்ணாடி நடுங்கும், டீசல் நாற்றம் சோற்றுப்பானை வரைக்கும் வரும், அந்த அதிர்வு அடங்குமுன் அடுத்த லோரி வந்துவிடும். அந்த மண்ணில்தான் சாந்தினி விளையாடுவாள். அதில்தான் தண்டுக்கீரை மதமதவென்று வளர்ந்தது. பிள்ளை வெளுத்துப் போகிறாளே, ரத்தம் ஊறட்டும் என்று வாசுகி மூன்று தண்ணீர் அலசிக் கடைந்து ஊட்டினாள். வெளுக்க வெளுக்க, இன்னும் இரண்டு கவளம் சேர்த்து ஊட்டினாள்.

கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் நவமணி முடிவைப் பார்த்துவிட்டு, வீடு எங்கே, பிள்ளை என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். வாசுகி பெருமையாகத்தான் கீரை என்றாள்.

"ஈயம் ஏறியிருக்கு. அந்தக் காலத்து பெட்ரோல் புகையில இருந்தது, ரோட்டோர மண்ணுல இன்னும் கிடக்கு. கழுவுனா முழுசாப் போகாதுலா."

மறந்ததெல்லாம் திரும்புமா என்று கேட்டாள். மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்றார். பிறகு அவளுடைய ஐந்து மாத வயிற்றைப் பார்த்தார்.

"நீங்களும் இனிமே அதத் தொடாதீங்க. உங்க ரத்தத்துல சேர்றது வயித்துப் பிள்ளைக்கும் போகும்."

பேய் பிடித்தால் வேப்பிலை அடிக்கலாம். பெற்றவள் கையே ஊட்டியதற்கு எந்தப் பூசாரியிடம் போவது? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வாசுகி அழுதாள்.

கணவன் யோகேந்திரன் கூலிம் டவுன் பேக்டரியிலிருந்து வரும்வரை பொறுக்காமல், சாயங்காலமே கீரையை வேரோடு பிடுங்கிக் குப்பைப் பையில் திணித்தாள். அப்போதுதான் மழை தூறியது. சூடு குடித்த மண்ணிலிருந்து வாசனை கிளம்பி மூக்கில் ஏறி, அடித்தொண்டை வரை இறங்கியது. நாக்கு ஊறியது. சாந்தினியைச் சுமந்த மாதங்களில் இதே மண்ணைக் கிள்ளிக் கிள்ளித் தின்றிருக்கிறாள். மசக்கைக்காரி மண் தின்பது புதுசா என்று பக்கத்து வீட்டார் கேலி செய்தார்கள்.

வாயை இறுக்கி மூடினாள். மூச்சை அடக்கினாள்.

ஒரு லோரி போனது. சன்னல் நடுங்கியது.

இன்னொன்று.

"அம்மா, என்ன சாப்பிடுற?"

வாசலில் சாந்தினி நின்றாள்.

பல்லிடுக்கில் நறநறத்தது. நகக்கண்ணெல்லாம் ஈரமண். துப்ப வேண்டும். துப்ப முடியவில்லை. விழுங்கினாள். வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது.

கை மறுபடியும் கீழே போனது.