ஓசோன் தீர்ந்த வீடு

கதவிடுக்கால் மணம் வரவில்லை.

செபஸ்ரியன் குனிந்து மறுபடியும் முகர்ந்து பார்த்தான். உள்ளே நாற்றம் போக்கும் ஓசோன் இயந்திரம் மூன்று மணி நேரமாக உறுமிக்கொண்டிருக்கிறது. இந்நேரத்துக்கு அந்தக் காரமான நெடி படிக்கட்டு வரை வந்து தொண்டையை அறுத்திருக்க வேண்டும். நகரத்தின் ஓரங்களான அம்மருட்டிலும் பியோர்ண்டாலிலும் இறந்தவர்களின் வீடுகள் எத்தனையோ துப்புரவு செய்திருக்கிறான், ஒருநாளும் இப்படி இருந்ததில்லை. பக்கத்து வீட்டில் யாரோ வெங்காயம் வதக்கும் சத்தம் நன்றாகக் கேட்டது. அதன் மணமும் இல்லை.

சுவரில் சாய்ந்து நின்ற எமிலி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. இருவரும் கல்யாணம் கட்டி இருபத்திரண்டு வருடம். ஒன்றாக இந்த வேலை செய்து பதினொரு வருடம். போன ஞாயிறு பூசை முடிந்ததும், ஓசோன் அளவுமானியைக் கேட்காமல் தன் புருசன் குளியலறைக்குக்கூடப் போகமாட்டார் என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டாள். அந்த ஆத்திரம் அவனுக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த வீட்டில் இருந்தவர் துருவக் கடற்பனியை ஆராய்ந்தவர். அவர் இறந்தபின் மின்சாரம் நின்றுபோக, ஃப்ரீசரில் வைத்திருந்த பெரிய கடற்பனிக்கட்டி உருகி வரவேற்பறை முழுக்க ஓடி நாறியது. காலையில் மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்துவிட்டுச் சாவியை நீட்டிய கட்டடப் பராமரிப்பாளர், அவரைப் பற்றி ஒன்று சொன்னார். துருவத்தில் வசந்தம் பிறந்து வெயில் திரும்பும்போது, உப்புப் பனியிலிருந்து ஏதோ கிளம்பித் தரையோரக் காற்றிலுள்ள ஓசோனை ஒட்டத் தின்றுவிடுமாம். மனிதர் முப்பது வருடமாக அதையேதான் அளந்தாராம்.

செபஸ்ரியன் கதவைச் சற்றுத் திறந்து அளவுமானியை நீட்டினான். இயந்திரத்தை நிறுத்தினால்கூட ஓசோன் தணிய இரண்டு மணி நேரமாகும். இது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

"என்னவாம் உங்கட பெட்டி?"

"பூச்சியம்."

"பிறகென்னத்துக்கு நிக்கிறியள்? ஓசோன் இல்லையெண்டால் உள்ளுக்குப் போகலாம்தானே. இதுக்கும் பயமோ?"

அது சரியில்லை என்று அவனுக்குத் தெரியும். மூன்று மணி நேர ஓசோன் எங்கே போனது? பொறும் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவள் நின்றிருப்பாள். வீம்பு விடவில்லை.

"ஓம், போம்," என்றான். "நல்லாப் போம்."

அவள் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு உள்ளே போனாள். திரைச்சீலை சர்ரென்று விலகியது. மார்ச் மாத வெயில் வாசல் வரைக்கும் பளீரென்று வந்து விழுந்தது.

"இஞ்சேருங்கோ, நிலமெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கு." முழந்தாளிட்டுத் தேய்க்கத் தொடங்கிவிட்டாள். சரக், சரக் என்று தூரிகையின் சத்தம். பிறகு, "வெயில் படப்பட வளருது. வந்து பாருங்கோவன்."

தூரிகை நின்றது.

"எமிலி?"

இயந்திரத்தின் உறுமல் மெலிந்து மெலிந்து அடங்கியது. அவன் உள்ளே ஓடினான். இயந்திரத்தின் விசிறி சுழன்றுகொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

மறுபடியும் கூப்பிட்டான். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

அவள் வெயிலுக்குள் முழந்தாளிட்டிருந்தாள். கையில் தூரிகை. முகம் அவன் பக்கம். நிலத்திலிருந்து வெள்ளை ஊசிகள் முளைத்து அவள் இடுப்பு வரை ஏறியிருந்தன. கண் இமைகளிலும் வெள்ளை. நாக்கிலும். கண்கள் மட்டும் அவளுடையவை. அவை அவனைக் கெஞ்சின.

ஆத்திரமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அவள் வேண்டும். அவ்வளவுதான் வேண்டும். தோளைப் பற்றினான். அவள் அசையவில்லை.

வாயைத் திறந்து மூச்சை உள்ளே இழுத்தாள். நீளமாக. அவன் காதோரத்தால் காற்று அவளிடம் ஓடியது. பின்னால் வாசற்கதவு தானாக வந்து அடித்துச் சாத்திக்கொண்டது.

அவள் இழுத்தாள்.

அவள் மேலங்கியின் பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. நெஞ்சு விரிந்தது. வெளியே விடவில்லை. அவன் நெஞ்சிலிருந்த காற்றும் வாய்வழியாகக் கழன்று அவளிடம் போகத் தொடங்கியது.

இன்னும் இழுத்துக்கொண்டிருந்தாள்.