பழைய கண்ணாடி இருக்கட்டும்

கூடத்துக் கூரையில் வெளிச்சத்துக்காகப் பதித்திருந்த கண்ணாடியில், யாரோ வாய் வைத்து ஊதியதுபோல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெண்மூட்டம் வந்தது, கலைந்தது, மறுபடி வந்தது. சூப்பிரண்டு அதைப் பார்த்தபோது காலை பத்து மணி. பயம் வரவில்லை, எரிச்சல் வந்தது. அவருக்கு எதைப் பார்த்தாலும் முதலில் வருவது அதுதான். முப்பது வருடம் அலுவலகத்தில் அடுத்தவர் எழுதியதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு ஓய்வு பெற்றவர். வழியனுப்பு விழாவில் தன்னைப் புகழ்ந்து வாசித்த மடலிலேயே நான்கு பிழை திருத்தியவர்.

அந்த வாரம் கூரைத் தகடுகளைக் கழற்றிப் புதிது போட ஆள் வந்திருந்தது. கண்ணாடியையும் மாற்றுவதா, வேண்டாமா என்பதுதான் பேச்சு.

“சார், இது ரெட்டைக் கண்ணாடி. ஓரத்து ரப்பர் போயிடுச்சு, அதான் நடுவுல ஈரம் ஏறுது,” என்றார் கூரைக்காரர். “இப்பவே மாத்திட்டா நல்லது. அப்புறம்னா புதுத் தகட்டை அறுக்கணும்.”

“ஈரம் ஏறும். ஏறி ஏறி இறங்குமா?” என்றாள் மனைவி. அவள் சில நாட்களாகக் கூடத்தைச் சுவரோரமாகத்தான் கடந்துகொண்டிருந்தாள். “மூச்சு விடுற மாதிரி இருக்குங்க. எடுத்துடலாம்.”

“எனக்கும் அதான் தோணுது அத்தான்,” என்றான் அவள் தம்பி.

அதோடு முடிந்தது. மச்சினன் ஆதரித்த யோசனை சூப்பிரண்டைப் பொறுத்தவரை செத்த யோசனை.

“நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். நீ பார்த்து வாங்கின கதவு இன்னும் சாத்த மாட்டேங்குது. பழைய கண்ணாடி இருக்கட்டும்.”

சொன்னதோடு விடாமல், நேர் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மூன்று நாள். மேலே தகடுகள் ஓலமிட்டுப் பிரிந்தன. துருவாடையும் நெடுநாள் அடைந்துகிடந்த தூசியின் புளித்த நெடியும் இறங்கின. கூரைக்காரரின் நிழல் கண்ணாடியைக் கடக்கும்போதெல்லாம் கூடம் ஒருமுறை கண் மூடித் திறந்ததுபோல் இருந்தது. மூட்டம் மட்டும் நிதானமாக வந்து போய்க்கொண்டிருந்தது. தன் மூச்சின் கணக்குக்கு அது ஒத்துப்போவதை மூன்றாம் நாள் கவனித்தார்.

“என் மூச்சுதான்யா மேலே போய்ப் படியுது.”

“பதினாலடிக்கா சார்? அதுவும் ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல?”

தன்னைவிடக் குறைவாகப் படித்தவன் கேட்கும் நியாயமான கேள்வியைப்போல் வெறுக்கத்தக்கது உலகத்தில் இல்லை. யாரும் இல்லாதபோது மூச்சை அடக்கிப் பார்த்தார். மூட்டமும் அசையாமல் நின்றது. விட்டார், பரவியது. இத்தனை வருடத்தில் அவருக்கு அடங்கிய முதல் ஆள் அதுதான். ஆனாலும் பிடரியில் எறும்பு ஊர்ந்தது.

மறுநாள் காலை, “எடுத்துத் தொலைங்க,” என்றார். “உங்க பயத்தைப் பார்க்கச் சகிக்கல.”

“கீழே இருக்காதீங்க சார், தூசி விழும்.”

“நாற்காலி என்னோடது.”

முதல் திருகு கிறீச்சிட்டுக் கழன்றது. துருத்தூள் அவர் மடியில் விரித்திருந்த செய்தித்தாளில் விழுந்தது. இரண்டாவது. ஓரத்திலிருந்து மூட்டம் சுருங்கியது. அவருக்கு நெஞ்சு இறுகியது. சளி, என்று முடிவு செய்துகொண்டார்.

அண்ணாந்து பார்த்தார்.

மூட்டம் வந்தது. அதற்குப் பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. அது முன்னால். இவர் பின்னால். மூன்று நாளும் வரிசையைத் தலைகீழாகப் படித்திருந்தார். வாழ்நாளில் அவர் கண்டுபிடித்த முதல் சொந்தப் பிழை.

மூன்றாவது திருகு.

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சொல்ல மூச்சு வேண்டும். கண்ணாடி தெளிவாக இருந்தது. காத்திருந்தார். தெளிவாகவே இருந்தது.

நான்காவது.

வானம் சதுரமாகத் திறந்தது. “பாருங்கம்மா, என்ன வெளிச்சம்,” என்றது மேலே ஒரு முகம்.

“அப்பாடா,” என்றாள் மனைவி, ஒரு வாரத்தில் முதன்முறையாகக் கூடத்தின் நடுவே வந்து. “இப்பத்தான் எனக்கு மூச்சே வருது.”

“நான் அப்பவே சொன்னேன்ல அத்தான்?”

நல்ல பதில் ஒன்று தயாராக இருந்தது. வாய் திறந்தது. அவ்வளவுதான். எழப் பார்த்தார், நாற்காலி விடவில்லை.

“கோவத்துல பேச மாட்டேங்கிறாரு,” என்றான் மச்சினன். இருவரும் புதுக் கண்ணாடியைப் பார்க்க வெளியே போனார்கள்.

பழைய கண்ணாடி கயிற்றில் இறங்கி ஜன்னலுக்கு வெளியே சுவரில் சாய்ந்தது. அதில் ஒரு பொட்டளவு மூட்டம் வந்தது. இங்கே அவர் நெஞ்சில் ஒரு சொட்டுக் காற்று.

“முழுசாத் தூக்கிட்டுப் போனா யாரையாவது கிழிச்சிடும்மா. சாக்குல போட்டு உடைச்சிடவா?” என்றார் வெளியே இறங்கி நின்ற கூரைக்காரர்.

“உடைங்க. அவரே தொலைக்கச் சொல்லிட்டாரே.”

கண்ணாடிமேல் சாக்கு ஏறியது. பாதி. முக்கால். வெளியே ஒரு மூலை மிஞ்சியது. அந்த மூலையில் மூட்டம் வந்தது.

சுத்தியல் உயர்ந்தது.

மூட்டம் அப்படியே நின்றது, அடக்கிப் பிடித்ததுபோல.