மூன்றாவது சொட்டு

பகல் 1.20. இதயச் செல் ஆய்வகத்தின் தலைவர் தன் மேஜைமீது முகம் கவிழ்ந்து செத்துக் கிடந்தார். குப்பைக் கூடையில் வாந்தி. பக்கத்தில் காபி பிளாஸ்க், அடியில் மட்டும் கொஞ்சம் மிச்சம்.

1.55. பெண் இன்ஸ்பெக்டர் வருவதற்குள் அங்கே தீர்ப்பே எழுதியாகிவிட்டது.

"இவதான் மேடம்!" ஆய்வகத்தின் மேலாளர் ஒரு பெண் ஆராய்ச்சியாளரைக் காட்டிக் கத்தினான். தலைவரின் மைத்துனன். "நேத்து எல்லார் முன்னாடியும் சண்டை போட்டா. இவ டிராயர்ல காலி அட்ரினலின் பாட்டில் இருக்கு, பாருங்க!"

ஆராய்ச்சியாளர் அவனை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். "என் கட்டுரையைத் தன் பேர்ல போட்டுக்கிட்டார், சண்டை போட்டேன். அட்ரினலினை ஊசியில ஏத்தணும். குடிச்சா வயித்தைத் தாண்டாது. அதுகூடத் தெரியாதவளா நான்?"

"காலையில அவரைப் பாத்தீங்களா?"

"ஒன்பது மணிக்கு. குமட்டுதுன்னார். விளக்கைச் சுத்தி மஞ்சளா வட்டம் தெரியுதுன்னார். நிக்கப் பிடிக்காம வந்துட்டேன்."

மைத்துனன் தன் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, கடிகாரத்தையே ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு சட்டைப் பையில் கையை விட்டு வெறுங்கையாக எடுத்தான். மணி இரண்டு.

"பதட்டமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அக்கா புருஷன் செத்துக் கிடக்கார். பின்ன?"

2.40. காபியைச் சோதிக்க அரசு ஆய்வுக்கூடத்தில் இரண்டு நாள் ஆகும். இங்கே கண்ணாடித் தட்டுகளில் முயல் இதயத்தின் செல்கள் துடித்துக்கொண்டிருந்தன, இதயத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் செல்கள்.

"ரெண்டு துடிப்புக்கு நடுவுல மின்னழுத்தம் தானா ஏறும். எல்லையைத் தொட்டதும் துடிக்கும்," என்று திரையைக் காட்டினாள் ஆராய்ச்சியாளர்.

"சொட்டு நான் விடுறேன். எது எதுன்னு சொல்ல மாட்டேன்," என்றார் இன்ஸ்பெக்டர்.

முதல் தட்டில் சாதாரணக் காபி. பெரிய மாற்றமில்லை. இரண்டாவதில் அட்ரினலின். ஏற்றம் செங்குத்தானது, துடிப்பு வேகமானது, ஆனால் ஒழுங்கு தப்பவில்லை. மூன்றாவது, பிளாஸ்க்கின் மிச்சம். இருபது நிமிடத்தில் ஒவ்வொரு துடிப்பின் வாலிலும் ஒரு சின்ன மேடு முளைத்தது. மேடுகளே துடிப்புகளாகித் தாறுமாறாக ஓடின. பிறகு வெறும் கோடு.

"மூணாவது டிஜாக்சின் மாதிரி இருக்கு," என்றாள். "சோடியத்தை வெளியே தள்ளுற பம்பை அடைச்சிடும். செல்லுக்குள்ள கால்சியம் சேர்ந்து தப்புத் தப்பாத் துடிக்கும். மஞ்சள் வட்டமும் அதனாலதான். இதய நோயாளிங்க மாத்திரை அது, எங்ககிட்ட கிடையாது."

3.30. இன்ஸ்பெக்டர் மைத்துனன் பக்கம் திரும்பினார். "உங்க மாத்திரை எங்கே?"

"என்ன மாத்திரை?"

"டிஜாக்சின் சாப்பிடுறவங்க முதல்ல ஒரு நிமிஷம் நாடியை எண்ணுவாங்க. எங்க அப்பா ஆறு வருஷம் எண்ணினார். நீங்களும் ரெண்டு மணிக்கு எண்ணினீங்க. பையில மாத்திரை அட்டை இல்லை, ஏன்னா மொத்தமும் பிளாஸ்க்குக்குள்ள போயிடுச்சு. அட்ரினலினைக் குடிச்சா சாவு வராதுன்னு இந்தக் கட்டடத்துல தெரியாத ஒரே ஆள் நீங்கதான். அதான் காலி பாட்டிலை இவங்க டிராயர்ல வெச்சீங்க. உங்க மருந்துச் சீட்டை எடுக்க எனக்குப் பத்து நிமிஷம் போதும்."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். "எங்க அக்காவை இருபது வருஷம் மிதிச்சான். போன வாரம் வெளியே துரத்திட்டான்."

"அதுக்கு நான் ஏன் ஜெயிலுக்குப் போகணும்?" ஆராய்ச்சியாளர் சீறினாள்.

"நீயும்தான் அவனை வெறுத்தே. எல்லாரும் நம்புவாங்க."

4.10. சடலத்தை அடையாளம் காட்ட வந்த அக்கா வாசலில் நின்றாள். தம்பியின் கையில் விலங்கு.

"உனக்காகத்தான்கா..."

"யார்டா கேட்டா? அவர் துரத்தலை. விவாகரத்து வாங்கத்தான் நானா வெளியே வந்தேன்." அவள் குரல் உடையவில்லை. "அவரை விட்டுத் தொலைச்சவளை இப்ப ஆயுசுக்கும் அவர் பெண்டாட்டியாக்கிட்டியே."