மூச்சுக் கேட்கும் ஊசி

அந்தச் சொல் இசைத்தட்டில் இருக்கக் கூடாது.

ஒலிபெருக்கியில் முதலில் அப்புத்துரையின் சொந்தக் குரல் வரும்: "அருந்ததி, பாடு பிள்ளை." பிறகு ஒரு சின்ன இடைவெளி. பிறகு மகள் பாடும் தேவாரம். இந்த வரிசை அவருக்குத் தன் வீட்டுப் படியைப் போலப் பழக்கம். ஆனால் இன்றைக்கு அந்த இடைவெளிக்குள், வெகு தூரத்திலிருந்து யாரோ ஏதோ சொன்னார்கள்.

அவர் ஊசியைத் தூக்கினார். வவுனியாப் பட்டினத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். முன்பக்கத்து றேடியோத் திருத்தும் கடையைப் பூட்டிவிட்டு, பின்பக்கத்து வீட்டின் நடு அறையில் இருந்தார். மார்கழி மழை ஓட்டில் இரைந்துகொண்டிருந்தது. சூடேறிய வால்வுகளின் மணமும், மனைவி சிவனேஸ்வரி குசினியில் தாளிக்கும் கறிவேப்பிலை மணமும் ஒன்றாக வந்தன. தெருவில் போகிறவன் யாராவது கதைத்திருப்பான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அவர் லேசில் ஏமாறுகிற மனிதர் அல்ல. கெட்டுப்போன றேடியோவைக் கொண்டுவருகிறவர்களிடம் "பேய் பிடிச்சதில்லை, வயர் விட்டிருக்கு" என்று பகிடி பண்ணுகிறவர். ஆனாலும் ஊசியை அன்று மறுபடி வைக்கவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் கொழும்பிலிருந்து ஓர் ஒலிப்பதிவு வண்டி செட்டிகுளத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. வயர் இழுத்து உதவி செய்தவர் அப்புத்துரை. அதற்கு நன்றியாக, ஒன்பது வயது மகளைப் பாட வைத்து ஒரு தட்டு வெட்டிக் கொடுத்தார்கள். அலுமினியத் தகட்டின்மேல் மென்மையான கறுப்பு அரக்குப் பூசி, குரலை நேரே அதில் கீறி எடுக்கிற தட்டு. "பேர் சொல்லிக் கூப்பிட்டவுடனை பாடவேணும், வேறை ஒண்டும் கதைக்கக் கூடாது" என்று மகளிடம் சொல்லி வைத்தவரும் அவர்தான். அவள் கதைக்கவில்லை. கைகூப்பி, மூச்சு எடுத்து, பாடினாள்.

அடுத்த வருடம் காய்ச்சல் வந்து நாலே நாளில் அவளைக் கொண்டுபோனது. ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. அவள் இந்த உலகத்தில் மிச்சம் வைத்தது அந்தத் தட்டு ஒன்றுதான்.

எட்டாம் நாள், எட்டுச் செலவுச் சடங்கு. பிள்ளைக்குப் பிடித்த பயற்றம் பணியாரமும் பால்புக்கையும் படைத்து, இருட்டுகிற நேரம் சிவனேஸ்வரியின் தம்பி கனகலிங்கம் படையலைப் பனையோலைக் கடகத்தில் எடுத்துக்கொண்டு, ஒழுங்கை தெருவில் ஏறும் முடக்குச் சந்திக்குப் போனார். அதை அங்கே வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் வரவேண்டும். செத்தவர் அதோடு போய்விடுவார். அந்த நேரம் வீட்டிலிருந்து யாரும் செத்தவரின் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. இது எல்லாருக்கும் தெரியும். அப்புத்துரைக்கும் தெரியும். ஆனால் கடகம் வாசல் படலையைத் தாண்டிப் போனதைப் பார்த்ததும் அவருக்குத் தாங்க முடியவில்லை. அறைக்குள் போய்த் தட்டைப் போட்டார். மகளின் குரலைக் கேட்கத்தான் போட்டார். தட்டு எப்படித் தொடங்கும் என்பதை அந்த நேரம் அவர் நினைக்கவில்லை.

கனகலிங்கம் வெறுங்கையோடு திரும்பி வந்தபோது முகம் வெளிறிப் போயிருந்தது.

"அத்தான், ஆர் பிள்ளையைக் கூப்பிட்டது?"

அப்புத்துரை தட்டை உறைக்குள் இட்டார்.

"நான் திரும்பிப் பாத்திட்டன்" என்றார் அவர். என்ன பார்த்தார் என்று இன்றுவரை சொன்னதில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருடத்தில் அப்புத்துரை அந்தத் தட்டை இருபது தரத்துக்கு மேல் போட்டுவிட்டார். ஊசியைப் பிடிக்கிற பழைய கிறிஸ்டல் பிக்கப், இரும்புத்துண்டுபோலப் பாரம். ஒவ்வொரு தரமும் ஊசி நுனியில் மயிர் போன்ற கருஞ்சுருள் ஒன்று சேரும். அவர் அதை ஊதித் தரையில் விடுவார். தன் பிள்ளையைத்தான் ஊதி விடுகிறோம் என்று விளங்க வெகுநாள் எடுத்தது. மெல்லிய சொற்கள் முதலில் போயின. பிறகு இரண்டாம் அடி முழுவதும் இரைச்சலாயிற்று.

அப்படித்தான், தட்டைத் தேய்க்காத ஊசி தேடி, அவர் ரயிலேறிக் கொழும்புக்குப் போனார். முல்லைத்தீவுக்காரரான மஹ்றூப் அங்கே புறக்கோட்டையில் றேடியோச் சாமான் கடை வைத்திருந்தார். ஊசி பொருத்திய மூன்று காட்ரிட்ஜுகளை மேசையில் வைத்து, ஒரு நாதஸ்வரத் தட்டை ஒவ்வொன்றிலும் போட்டுக் காட்டினார். முதலாவது முழக்கமாக இருந்தது. இரண்டாவது இனிமையாக இருந்தது. மூன்றாவதைப் போட்டதும் அப்புத்துரை கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். வாசிக்கிறவர் அடுத்த பிடிக்கு முன் மூச்சு இழுத்தது கேட்டது.

"இது மூவிங் கொயில் அண்ணை" என்றார் மஹ்றூப். "காந்தத்துக்கு நடுவுல மயிரிழைக் கம்பிச் சுருள் ஆடுது. ஊசி தட்டுல தொடுறதே தெரியாது. ஆனா சத்தம் கொஞ்சமாத்தான் தரும். கூட்டிக் கூட்டித்தான் கேக்கோணும்."

"கூட்டினால் என்ன?"

"கூட்டினா எல்லாம் கூடும். பாட்டு மட்டும் கூடாது."

அதை அப்போது ஒரு பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார். சத்தத்தைக் கூட்ட ஒரு சின்ன ட்ரான்ஸ்போமரையும் சேர்த்து, துணியில் சுற்றி, வழி முழுவதும் மடியில் வைத்துக் கொண்டுவந்தார்.

முதல்நாள் போட்டபோது அவர் அழுதார். சந்தோஷத்தில்தான். பாட்டுக்கு முன் அவள் மூச்சு எடுத்தது கேட்டது. கைகூப்பும்போது வளையல் ஒன்றோடொன்று பட்டது கேட்டது. போய்விட்டது என்று நினைத்த இரண்டாம் அடி, இரைச்சலுக்கு அடியில், முழுதாக இருந்தது. முடிந்ததும் ஊசி நுனியைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒரு தூசிகூட இல்லை. இனிச் சாகும்வரை கேட்கலாம் என்று நினைத்தார். அந்த ஒரு நாள் அவர் நிறைவாக இருந்தார்.

இரண்டாம் நாள்தான் அந்தச் சொல் வந்தது.

மூன்றாம் நாள் கடையைப் பூட்டியதும், காதை ஒலிபெருக்கியின் துணியோடு வைத்துக்கொண்டு ஊசியை இறக்கினார். "அருந்ததி, பாடு பிள்ளை." இடைவெளி. அதற்குள் மழை இல்லாத ஒரு வெளி திறந்தது. நாய் ஒன்று குரைத்தது. அந்த நாயை அவருக்குத் தெரியும். ஒழுங்கை முடக்கில் கிடக்கிற நொண்டி நாய். செட்டிகுளத்தில் தட்டு வெட்டியபோது அது பிறந்திருக்காது.

"ஓம் அப்பா, வாறன்."

மகளின் குரல். சந்திப் பக்கமிருந்து.

அவர் கை அசையவில்லை. பாட்டு ஓடியது. ஆனால் நேற்று முன்தினம் தெளிவாக இருந்த இரண்டாம் அடி இன்று இல்லை. இரைச்சலும் இல்லை. அந்த இடம் துடைத்து வைத்ததுபோலச் சும்மா கிடந்தது. ஊசியைப் பார்த்தார். சுத்தம். தட்டு தேயவில்லை. அவள் தட்டை விட்டு எழும்பி வருகிறாள்.

"இஞ்சருங்கோ" என்றாள் பின்னால் நின்ற சிவனேஸ்வரி. எப்போது வந்தாள் என்று தெரியாது. "உதைப் போடாதேங்கோ. எட்டுச் செலவு அண்டைக்கும் சொன்னனான். நீங்கள் கேக்கேல்லை."

"உமக்கும் கேட்டதோ?"

"எனக்கு ஒண்டும் கேக்க வேண்டாம். பிள்ளையைப் போக விடுங்கோ."

அவர் தட்டை உறையில் இட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டினார். திறப்பை மனைவியிடமே கொடுத்தார். பயந்துபோனார், அதுதான் உண்மை. இன்னும் மூன்று அடிகள் தட்டில் இருந்தன. அவற்றையாவது காப்பாற்றி வைத்துக்கொள்ளலாம் என்றும் நினைத்தார். ஐந்து நாள் அலுமாரிப் பக்கம் போகவில்லை.

ஆறாம் நாள், வானம் கறுத்துக் கிடந்த ஒரு பின்னேரம் மூன்று மணிக்கு, நெய்யும் வறுத்த பயறும் மணத்தன. குசினிக்குள் சிவனேஸ்வரி பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். எட்டுச் செலவுக்குப் பிறகு அவள் அதைச் சுட்டதில்லை. கண்கள் வீங்கியிருந்தன. ஈரக் கையால் இடுப்பிலிருந்து திறப்பை எடுத்து நீட்டினாள்.

"நாலு நாளாப் படலையடியிலை நிக்கிறாள்" என்றாள். "உள்ளுக்கு வரேல்லை. கூப்பிட்டால்தானே வருவாள்."

"சிவனேசு, நீர்தானே வேண்டாம் எண்டனீர்."

"நான் பெத்தனான். மழையிலை நிக்கிறாள்." அவள் அவரைப் பார்க்கவில்லை. "இன்னொருக்காப் போடுங்கோ."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவருக்கும் ஆசை இருந்தது.

மோட்டரைப் போட்டார். வால்வுகள் சிவந்தன. சத்தத்தைக் கடைசிவரை கூட்டினார். ஊசி இறங்கியது. தொட்டதே தெரியவில்லை.

"அருந்ததி, பாடு பிள்ளை."

இடைவெளி.

பதில் இல்லை. மூச்சு இல்லை. வளையல் இல்லை. பாட்டும் இல்லை. தட்டு சுழன்றது. ஊசி கீறல்களுக்குள் ஒழுங்காக ஓடியது. ஒவ்வொரு கீறலும் வெறுமை. இவ்வளவு சுத்தமான அமைதியை அவர் எந்தத் தட்டிலும் கேட்டதில்லை.

தட்டில் இப்போது ஒன்றுமே இல்லை.

அவர் ஊசியைத் தூக்கினார். மோட்டரை நிறுத்தினார். அம்பிளிபயரின் வயரையும் பிடுங்கினார்.

வெளியே படலை திறந்தது. அடியில் கட்டிய தகரம் மண்ணைக் கீறிக்கொண்டு வந்தது.

நடை. ஈரக் கால். முற்றம். விறாந்தை.

"வா பிள்ளை" என்றாள் சிவனேஸ்வரி. பணியாரத் தட்டைத் தரையில் வைத்தாள்.

வாசலில் நின்றாள். உயரம் சரி. இரட்டைப் பின்னல் சரி. செட்டிகுளத்துக்குப் போன அன்று உடுத்திய அதே சட்டை. அவர் எழும்பினார். பெயர் தொண்டைவரை வந்தது.

அவள் முகத்தை நிமிர்த்தினாள்.

மூக்கு இல்லை. கண் இருந்த இடங்கள் மழமழவென்று தேய்ந்திருந்தன. நெற்றியிலிருந்து நாடிவரை மெல்லிய வட்டக் கீறல்கள், ஒன்றுக்குள் ஒன்று. வாய் இருந்த இடம்தான் மோசம். அங்கேதான் ஊசி கூடுதலாக ஓடியிருந்தது. பாரமான ஊசி. இருபது தரத்துக்கு மேல்.

"பார்த்தீங்களே" என்றாள் சிவனேஸ்வரி. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "எங்கடை பிள்ளை."

சொல்லி வைத்தபடி அந்தப் பிள்ளை வேறு ஒன்றும் கதைக்கவில்லை. கைகூப்பினாள். வளையல் ஒன்றோடொன்று பட்டது. மூச்சு எடுத்தாள்.

பாடினாள்.

இரைச்சல். அறை முழுவதும் இரைச்சல். அதற்கு அடியில் ஒன்றும் இல்லை.

வயர் தரையில் கிடந்தது. தட்டு அசையாமல் இருந்தது. அவர் காதைப் பொத்தினார். இரைச்சல் நிற்கவில்லை. முதலாம் அடி. இரண்டாம் அடி. ஒவ்வோர் அடிக்கும் அவள் முகத்திலிருந்து மயிர் போன்ற கருஞ்சுருள் ஒன்று கழன்று, பணியாரத் தட்டின்மேல் விழுந்துகொண்டிருந்தது.