பதின்மூன்றாம் சேனல்

பதின்மூன்றாம் சேனலில் யாரோ வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி. ஹாலின் நடுவில் கைப்பேசியோடு நின்று, வாரம் தவறாமல் செய்கிற வேலையை அவன் செய்துகொண்டிருந்தான். சுற்றியுள்ள வீடுகளின் வைஃபையைக் கைப்பேசியில் ஒரு செயலி நிறம் நிறமான மேடுகளாக வரைந்து காட்டும். வைஃபை ஓடும் அலைவரிசைகளான சேனல்களில் ஒன்று, ஆறு, பதினொன்று மட்டும் ஒன்றையொன்று இடிக்காது என்பதால் குடியிருப்பு முழுவதும் அந்த மூன்றில்தான் முண்டியடிக்கும். அவற்றில் எதில் நெரிசல் குறைவோ அதில் தன் ரவுட்டரை வைத்துக்கொள்வான். வலது கோடியில் பதின்மூன்று எப்போதும் காலி. இன்று அங்கே சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு மேடு. பலம் எண்பத்தெட்டு. இந்தக் கணக்கில் எண் குறையக் குறைய ஆள் கிட்டத்தில் இருக்கிறார் என்று பொருள். எண்பத்தெட்டு என்றால் வெகு தூரம்.

"என்ன சிக்னல் சார், லீவு நாள்லயும் டியூட்டியா?" துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தலை நிமிராமல் கேட்டாள். குடியிருப்பே வைத்த பெயர் அது. யார் வீட்டில் நெட் நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

"சும்மாதான்" என்றபடி மேட்டின் மேல் விரலை வைத்தான். பெயர் வந்தது.

'சத்தம் போடாதே.'

பக்கத்து வீட்டு டீச்சரின் வைஃபை. மூன்று வருடங்களுக்கு முன்னால் அவன்தான் பொருத்திக் கொடுத்தான். என்ன பெயர் வைக்கட்டும் என்று கேட்டதற்கு, "கணக்கை விட நான் அதிகமா சொல்லிக் குடுத்தது அதைத்தான்ப்பா, அதையே வை" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

டீச்சர் இறந்து ஐந்து வாரம் ஆகிறது. வீடு பூட்டிக் கிடக்கிறது. மின் இணைப்பைத் துண்டித்தாயிற்று. அந்த ரவுட்டரைக் கம்பெனியில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவனே அவன்தான்.

நடந்ததை அவன் யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்போதுகூட வரிசையைக் கொஞ்சம் மாற்றித்தான் சொல்லிக்கொள்வான். சரியான வரிசை இது. அவன் வீடும் டீச்சர் வீடும் ஆறாம் சேனலில் இருந்தன; மற்ற இரண்டில் அதைவிட நெரிசல். பதவி உயர்வுக்கான நேர்காணல் வீடியோவில் நடக்கவிருந்தது, படமோ நின்று நின்று வந்தது. டீச்சர் ரவுட்டரின் கடவுச்சொல் அவனுக்குத் தெரியும். சோபாவில் சாய்ந்தபடியே, கேட்காமல் கொள்ளாமல், அதைப் பதின்மூன்றுக்குத் தள்ளிவிட்டான். டீச்சரின் பழைய கைப்பேசிக்குப் பதினொன்றாம் சேனலுக்கு மேல் கண் தெரியாது என்பது மறுநாள் அவர் கதவைத் தட்டியபோதுதான் அவனுக்கு உறைத்தது.

"தம்பி, நெட்டே காட்ட மாட்டேங்குதுப்பா. பொண்ணு கூப்பிடுவா. கொஞ்சம் வந்து பாரேன்."

"நாளைக்கு வரேன் டீச்சர்."

டீச்சர் வீட்டுக்குள் செல்போன் கோபுரத்தின் சிக்னல் எட்டாது. வைஃபை இல்லையென்றால் போன் வெறும் டப்பா. அதுவும் தெரியும். நேர்காணல் வெள்ளிக்கிழமை, அதுவரை போகட்டும் என்று இருந்துவிட்டான். வியாழக்கிழமை டீச்சர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். சனிக்கிழமை கதவை உடைத்தார்கள். கையில் போன் இருந்தது. உடலை எடுக்கும் முன்பே அவன் தன் வீட்டுக்குள் வந்து, டீச்சர் ரவுட்டரின் சேனலை மறுபடி ஆறுக்கு மாற்றி வைத்தான்.

பதவி உயர்வு கிடைத்தது.

எண்பத்தெட்டு, எழுபத்தைந்தானது. அதே நேரம் போன் அடித்தது. வெளியூரில் இருக்கும் டீச்சரின் மகள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"அந்த வாரம் எனக்கும் அம்மாவுக்கும் சண்டை. ரெண்டு மூணு தடவை கூப்பிட்டேன், போகலை. கோவத்துல அணைச்சு வச்சிருக்காங்கன்னு விட்டுட்டேன்." குரல் உடைந்தது. "விழுந்தப்புறமும் என்னைக் கூப்பிடணும்னு அவங்களுக்குத் தோணலையாண்ணா? நெட் நல்லாத்தானே இருந்துச்சு?"

ஒரு வார்த்தை போதும், அந்தப் பெண்ணின் தலையிலிருந்து பாரத்தை இறக்கிவிடலாம். மனைவி மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

"நல்லாத்தான் இருந்துச்சும்மா" என்றான். "நானே பார்த்தேன்."

 "சரிண்ணா" என்று மட்டும் அந்தப் பக்கமிருந்து கேட்டது.

"பாவம். உங்களை மாதிரி ஒரு ஆள் பக்கத்துல இருந்ததே அவளுக்குத் தெம்பு" என்று சொல்லிவிட்டு, மீதித் துணிகளை எடுக்க மனைவி மொட்டை மாடிக்குப் போனாள். அவனுக்குக் காதுமடல் இரண்டும் சுட்டன.

செயலியைத் திறந்தான். அறுபது.

டீச்சர் வீட்டை ஒட்டிய சுவரருகே போனான், அறுபத்தாறு. அங்கே இல்லை. குளிர்சாதனப் பெட்டியின் முனகலும் எங்கோ சொட்டுகிற குழாயும் தவிர வேறு ஓசையில்லாத தன் வீட்டில், சொந்த அறைகளைத் திருடன்போல் ஒவ்வொன்றாகத் தாண்டி, எண்ணைப் பார்த்துப் பார்த்துக் காலை எடுத்து வைத்தான். படுக்கையறை, ஐம்பத்தெட்டு. சமையலறை, ஐம்பத்திரண்டு. குளியலறைக்குப் போகும் நடைவழியில் நாற்பத்தைந்து. சோப்பு வாசனை வரவேண்டிய இடத்தில் சாக்பீஸ் தூளின் உலர்ந்த நெடி மூக்கில் ஏறியது.

குளியலறை. நாற்பது.

கதவைச் சாத்தினால் சிக்னல் மட்டுப்படுகிறதா என்று பார்க்க, உள்ளே நின்றபடி சாத்தினான். மட்டுப்படவில்லை. அப்படியானால் உள்ளேதான்.

கையைத் தலைக்கு மேல் தூக்கினான். நாற்பத்தாறு. மார்பளவு இறக்கினான். முப்பத்தைந்து. முழங்காலருகே இருபத்தாறு.

கீழே. இன்னும் கீழே.

ஈரத்தரையில் முட்டி போட்டான். பதினெட்டு. குப்புறப் படுத்தான். டைல்ஸின் குளிர்ச்சி கன்னத்தில் ஒட்டியது. ஒன்பது.

"டீச்சர்" என்றான். "நான்தான் மாத்தினேன்."

திரையில் மேடுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. ஒன்றாம் சேனல். பதினொன்று. ஆறில் அவனுடையது. கடைசியாகப் பதின்மூன்றும். திரை வெறும் கோடு.

"சொல்லிடறேன். இப்பவே உங்க பொண்ணுகிட்ட சொல்லிடறேன்."

அழைத்தான். தொடர்பு இல்லை. மறுபடி அழைத்தான். இல்லை.

எழப் பார்த்தான். இடுப்புக்குக் கீழே எதுவும் அவன் சொல் கேட்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டான். வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

கதவுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. அதில் நடைவழி வெளிச்சம். அந்த வெளிச்சம் மறைந்தது.

பாதங்கள் இல்லை. அந்தப் பக்கமும் யாரோ படுத்திருந்தார்கள்.

தரையோடு தரையாக ஒரு சின்ன, பழைய கைப்பேசித் திரை ஒளிர்ந்தது; அதில் வைஃபை பட்டியல் காலி. அதன் மேல் சுருக்கம் விழுந்த ஒரு விரல். விரல் திரையைக் கீழே இழுத்தது. காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை.

மறுபடியும் இழுத்தது.